படத்துக்குப் பின்னால் இருந்த குளிசை

...தூரம் என்று சொல்ல ஒன்றுமில்லை, முற்றத்தைக் கடந்து படியேறினால் விறாந்தை, விறாந்தை மூலையில் சாமியறை, கதவுக்குப் பூட்டுக்கூட இல்லை, ஆனாலும் கமலாசனிக்கு அது மாங்குளம் ஸ்டேசனைவிடத் தொலைவாகத்தான் தெரிந்தது. மாட்டுக்கொட்டிலோடு இறக்கிய பத்தியில், மாதத் தீட்டுக்கென்று ஒதுக்கிய துடக்குப் பாயில், கால்களை ஒடுக்கிக்கொண்டு இருந்தாள். காலையில் மாற்றிய துணியும் நனைந்துவிட்டது. எழுந்தால் கண் இருட்டுகிறது, எழும்பாமல் இருந்தால் மட்டும் நின்றுவிடப் போகிறதா என்ன... போன மாதமும் இப்படித்தான், அதற்கு முந்திய மாதமும், முதலில் சும்மா ஒரு கறை, அதைக் கண்டதும் பாயைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடுவாள், அதன்பிறகு குளத்து மடை திறந்த மாதிரி. இந்த உடம்பில் இன்னும் எவ்வளவுதான் மிச்சம் இருக்கிறது?

பெரியாஸ்பத்திரி டொக்டர் நல்ல மனிசன், முகத்தைப் பார்த்துக் கதைத்தவர். "பயப்பிடாதேங்கோ தங்கச்சி, இது கெட்ட கட்டி இல்லை, கருப்பையின்ர தசையில வளருறது. இந்தக் குளிசை கட்டியைக் கரைக்காது, ரத்தப்போக்கைத்தான் நிப்பாட்டும். நிண்டால் உடம்பு தேறும், பிறகு கட்டியை மட்டும் வெட்டி எடுக்கலாம். நிக்காட்டில் கருப்பையையே எடுக்க வேண்டிவரும். ஒரு நாளும் விடாமல் போடுங்கோ, விட்டால் திரும்ப வரும், கூடவாயும் வரும்." ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தவள், காத்திருந்த கணவன் பரமலிங்கத்திடம், "ரத்தக்குறைவாம், சத்துக் குளிசை தந்திருக்கினம்" என்று முடித்துவிட்டாள். வேறு எதைச் சொல்வது, காணி கிடைத்துச் சாவகச்சேரியிலிருந்து இந்தக் காட்டுக்கு வந்து இத்தனை வருசத்தில் வயிற்றில் தங்கியது ஒன்று, அதுவும் மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனது, இனிப் பையும் இல்லையென்றால்... பளையில் இரண்டாந்தாரத்துக்கு ஒரு பொடிச்சி இருக்கிறாள் என்று மச்சாள் ஏற்கெனவே தன் தம்பியின் காதில் போட்டுவைத்திருக்கிறாள். அலுமாரியை மச்சாள் கிண்டுவாள், குசினிப் பானைகளையும் விடமாட்டாள். அம்மன் படத்துக்குப் பின்னால்தான் ஒருவரும் கைவைக்கமாட்டார்கள் என்று குளிசைப் போத்தலை அங்கே ஒளித்துவைத்தாள். வைத்த இடத்தில் அம்மனும் பார்த்துக்கொள்வாள், மருந்து பாதி அவள் பாதி. அன்றைக்கு அது பெரிய கெட்டித்தனமாகப் பட்டது, இப்போது நினைக்கத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

படலை திறந்தது. மச்சாள்தான், பரமலிங்கத்தின் அக்கா சிவனேஸ்வரி, சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எட்ட நின்றாள்.

"இன்னும் நிக்கேல்லையே?"

"இல்லை மச்சாள்."

"தம்பி சூடடிப்பு முடியுமட்டும் களத்திலதான். நெல்லு வீடு வாற நேரம், தவறியும் உள்ளுக்குப் போயிடாத. இண்டைக்கு வெள்ளி, விளக்கை நான் கொளுத்திவிடுறன்."

சாமியறைக் கதவு கிறீச்சிட்டது. கமலாசனி காதைக் கொடுத்துக் கேட்டாள்... பூ வைக்கப் படத்தை அசைப்பாளோ, போத்தல் உருளுமோ, கேட்டுவிடலாமா, மச்சாள், அதற்குப் பின்னால் ஒரு போத்தல் இருக்கு, எடுத்துத் தாங்கோ என்று, எடுத்துத் தருவாள்தான், இரக்கமில்லாதவள் இல்லை, ஆனால் என்ன வருத்தத்துக்கு என்று கேட்பாள், கேட்டால் நாளைக்கே பளைக்கு ரயிலேறுவாள். சிவனேஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்னடி முழுசுறாய்?"

"ஒண்டுமில்லை மச்சாள். தண்ணி விடாய்."

படலை சாத்திய சத்தத்தோடு அடிவயிறு இறுகிப் பிடித்தது, சூடாக ஒரு ரத்தக்கட்டி இறங்கியது, காது இரைந்தது. செத்துப்போவேனோ, இந்தப் பாயிலேயே, மாடு பார்த்துக்கொண்டு நிற்க... வாற கிழமை கிளினிக், நிற்கவில்லை என்று சொன்னால் டொக்டர் பையை எடுக்கத் திகதி குறித்துவிடுவார். எப்போது எழுந்தாள், எப்படி முற்றத்தைக் கடந்தாள் என்று தெரியவில்லை, விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா, அடிக்கிறதெண்டால் என்னை அடி, அந்த மனிசன் பாடுபட்ட நெல்லில கைவைக்காத. வாசற்படியைத் தாண்டிவிட்டாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஒன்றும் இடிந்து விழவில்லை. படத்துக்குப் பின்னால் கையை விட்டுப் போத்தலை எடுத்து ஒரு குளிசையைத் தண்ணீரில்லாமல் விழுங்கினாள், அது தொண்டையில் கசந்து இறங்கும்போதுதான் கவனித்தாள், போத்தல் கனத்தது. பாதிக்குமேல் அப்படியே கிடந்தது. இந்நேரம் இது வெறும் போத்தலாக அல்லவா இருக்க வேண்டும்... அவள் பத்தியில் கிடந்த நாளெல்லாம் குளிசை இங்கே அம்மனோடு இருந்திருக்கிறது. கறை கண்டவுடன் வெளியே போனாள், போனதால் விட்டாள், விட்டதால்... ஒழுங்காகப் போட்டீர்களா என்று ஒவ்வொரு முறையும் டொக்டர் கேட்டார், ஒவ்வொரு முறையும் ஓம் என்றாள், மனதறியப் பொய் சொல்லவில்லை, துடக்கு நாட்களைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. தோற்றுப்போனது என்று டொக்டர் நினைக்கப்போகிற மருந்தை அவள் இன்னும் சரியாகத் தொடங்கவேயில்லை. இல்லை ஐயா, விட்டுவிட்டேன் என்று அவருக்குச் சொல்லலாம், ஏன் விட்டாய் என்று கேட்டால்?

காலடியில் ஒரு சொட்டுச் சிவப்பாய்க் கிடந்தது. குனிந்து சேலைத் தலைப்பால் துடைத்தாள். பழக்கத்தில் கை போத்தலைப் படத்துக்குப் பின்னால் கொண்டுபோய், பாதியில் நின்றது. வேறு எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.