சோதனைக்காரி

மலாய் நாட்டில் ஜாசினுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு முள்கம்பி வேலி போட்டது, வெள்ளைக்காரன் அவசரகாலம் கொண்டுவந்து மூன்றாம் வருஷம். காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூட வெளியே போகக் கூடாதாம். அதனால் பால் வெட்டப் போகிறவர்கள் மத்தியானச் சோறுகூடக் கொண்டுபோக முடியாது. சட்டம் எழுதின மகராசன் ஒரு நாளாவது வெறும் வயிற்றோடு முந்நூறு மரம் வெட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

பெண்களைச் சோதிக்க ஒரு பெண் வேண்டும் என்று தோட்டத்துக் கணக்கு பார்க்கும் கிராணி சிவசாமி என்னைக் கூப்பிட்டார். “மங்களம், பனி இல்ல, அட்டைக்கடி இல்ல, நின்ன எடத்துல வேல” என்றார். நானும் மாடு மாதிரி தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

தினமும் விடிகிற நேரத்தில் வேலிக் கேட்டில் நூற்றெழுபது பெண்கள். கொண்டை, ரவிக்கை, இடுப்பு, முந்தானை முடிச்சு, பால் வாளி. ஒருத்தி அரிசியைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்தது அகப்பட்ட பிறகு, வாயும் சேர்ந்துகொண்டது. எடுத்ததைக் காலடியில் இருக்கும் பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டு “அடுத்தது” என்பேன். ஆரம்பத்தில் “கூசுதுடி, மெதுவா தடவு” என்று கேலி செய்து சிரித்தார்கள். பிறகு மசக்கைக்காரி ஒருத்தி மென்று தின்ன வைத்திருந்த கைப்பிடி அரிசியை எடுத்தேன். அவளைப் போலீஸ் லாரியில் ஏற்றிக்கொண்டு போய் மூன்று நாள் வைத்திருந்தார்கள். அதோடு என்னிடம் யாரும் பேசுவதில்லை. நான் குழாயடிக்குப் போனால் பாதிக் குடத்தோடு எழுந்து போனார்கள்.

முத்தாயி மட்டும் பேசினாள். ஒன்பது வருஷம் என் நிரைக்கு அடுத்த மர நிரையில் வெட்டியவள். தன் முறை வந்ததும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, “சாப்டியாடி?” என்று கேட்பாள். அந்த நாள் முழுவதற்கும் என்னை மனுஷியாக நினைத்து யாராவது கேட்டது அது ஒன்றுதான்.

அந்த வேலைக்குப் போன இரண்டாம் வருஷம் எனக்குள் ஏதோ தீர்ந்துபோனது. சோறு வாயில் மண்ணாக இருந்தது. படுத்தால் தூக்கம் இல்லை, எழுந்தால் விழிப்பும் இல்லை. யார் செத்தாலும் யார் பிறந்தாலும் எனக்கு ஒன்றுதான். கை மட்டும் ஓயவில்லை. மகள் மீனம்மாவுக்குத் தலை சீவும்போது என் விரல் அவள் முடிக்குள் எதையோ தேடும். ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியவள் என் எதிரே வந்து, கையைத் தூக்கி, வாயைத் திறந்து நின்றாள். கேலிக்கு இல்லை. அப்படி நின்றால்தான் அம்மா விடுவாள் என்று பிள்ளை நினைத்துவிட்டது.

என் புருஷன் காளிமுத்து அதைப் பார்த்தார். “போதும். இந்த வேலய விட்டுடு” என்றார்.

கிராணியிடம் போய் நின்றேன். “என்னால முடியலீங்கய்யா. மறுபடி வெட்டுக்கே போறேன். கை என் பேச்சக் கேக்க மாட்டேங்குது.”

அவர் சிரித்தார். “கேட்டுல நிக்கிற கை என்னா பேச்சக் கேக்கணும்? வேற ஆள் கெடைக்கட்டும். மாசக் கடைசி வரைக்கும் பொறுத்துக்க.”

நாலு மாசக் கடைசி போய்விட்டது. அந்த வேலைக்கு எவள் வருவாள்?

“ஒரு வாரம் ஒனக்குப் பதிலா நான் நிக்கிறேன்டி. நீ நல்லா தூங்கு” என்றாள் முத்தாயி. சொன்ன மறுநாள் காய்ச்சலில் விழுந்தாள். ஐந்தாம் நாள் காலையில் போய்விட்டாள்.

இடுகாடு வேலிக்கு வெளியே ஆற்றோரம் இருந்தது. மூன்று மணிக்குப் பிணம் வரும், பெண் பிணத்தைப் பெண்தான் பார்க்க வேண்டும், அதனால் கேட்டை விட்டு நகரக் கூடாது என்று கிராணி சொல்லியனுப்பினார். அவள் வாயில் நாலு அரிசி போடக்கூட என்னால் போக முடியவில்லை. பாடை வரட்டும், பார்த்ததும் அழுதுவிடுவேன் என்று நினைத்தேன். அழுகை வந்தால் நான் இன்னும் மிச்சம் இருக்கிறேன் என்று அர்த்தம். அதற்காகவே காத்துக்கொண்டு நின்றேன்.

பாடையை என் முன்னால் இறக்கினார்கள். காவலுக்கு நின்ற மலாய்க்காரப் பையன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். முத்தாயியின் புருஷன் இருளாண்டி ஈரத் துண்டோடு கிட்டே வந்தார்.

“ஒண்ணும் இல்லன்னு சொல்லிடு தங்கச்சி. நாங்க போயிடுறோம்.”

சரி என்று தலையாட்டினேன். ஆட்டினது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் அதற்குள் குனிந்துவிட்டிருந்தேன். கொண்டை. ரவிக்கை. இடுப்பு. முந்தானை. தாடையைச் சேர்த்துத் துணி கட்டியிருந்தார்கள். கை அதைத் தளர்த்தியது. விரல் கன்னத்துக்குள் போனது. உள்ளே பெண்கள் போட்ட வாய்க்கரிசி ஈரமாக இருந்தது.

டின்னில் அரிசி விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் என் குரல் கேட்டது.

“அடுத்தது.”

இருளாண்டி உள்ளங்கையை நீட்டினார். “அதக் குடு.”

டின்னை எடுத்துக் காட்டினேன். காலையில் எடுத்த அரிசியும் அதில்தான் கிடந்தது. எது முத்தாயியுடையது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் டின்னையே பார்த்தார். பிறகு தாடைத் துணியை அவரே இறுக்கிக் கட்டிவிட்டு, தூக்கச் சொன்னார்.

மறுநாள் நான் கேட்டுக்குப் போகவில்லை. பாயை விட்டு எழவே முடியவில்லை. கிராணி வந்து வாசலில் நின்று கத்தினார். கடைசியில் வெளியூரிலிருந்து ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒரு மாதம் கழித்து நான் வெட்டுக்குப் போனேன். வரிசையில் நானும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

எனக்கு முன்னால் முத்தாயி நின்றாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, தினமும். ஈரச் சேலை, தளர்ந்த தாடைத் துணி. திரும்பி என்னைப் பார்ப்பாள். சாப்டியா என்று கேட்க மாட்டாள். வாயைத் திறந்து காட்டுவாள், உள்ளே ஒன்றும் இருக்காது. அவளுக்குப் பசி என்று எனக்குத் தெரியும். பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து எங்கள் பக்கத்துக் கெடுபிடியை எடுத்துவிட்டார்கள். கேட்டைக் கழற்றிச் சாக்கடை ஓரமாகச் சாய்த்து வைத்தார்கள். இனி எதை வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்றார்கள். அன்று மத்தியானமே ஒரு பிடி அரிசியை முந்தானையில் முடிந்துகொண்டு அவள் குழிக்குப் புறப்பட்டேன்.

கேட்டுக்கால் இரண்டும் அப்படியே நின்றன. அங்கே வந்ததும் கால் நகரவில்லை. கை தானாக மேலே போனது. சோதிக்க ஆள் இல்லை. போகிறவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். எவ்வளவு நேரம் நின்றேனோ, வெயில் சாய்ந்துவிட்டது.

வேலை முடிந்து இருளாண்டி வாளியோடு வந்தார். அந்த நாளுக்குப் பிறகு அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

“கேட்டு இல்ல தங்கச்சி. போலாம்.”

“முந்தானையில அரிசி இருக்குண்ணே. முத்தாயிக்கு. பாத்துட்டு விடுங்க.”

அவர் வாளியைக் கீழே வைத்தார். முடிச்சை அவிழ்த்தார். அரிசியை உள்ளங்கையில் கொட்டி ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு மணி சிந்தாமல் திரும்ப முந்தானையில் போட்டு இறுக்கி முடிந்தார்.

“ஒண்ணும் இல்ல” என்றார். “போ.”