பங்களாவின் முன்வாசல்

ரிங்லெட் ஏரிக்கு மேலே இருக்கும் பழைய துரை பங்களாவை இப்போது விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு அதைத்தான் எடுத்திருந்தேன். என் அப்பா நாகப்பன் வாலிபம் முழுக்க அந்த பங்களாவில் பூச்செடி பார்த்தவர். வேலையாட்களுக்குச் சமையல்கட்டு வாசல்தான். முன்வாசல் படியில் அவர் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. இந்தத் தடவை அந்த வழியாகத்தான் அவர் உள்ளே போக வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

காரிலிருந்து பைகளை இறக்கிவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். சுவரை ஒட்டிக்கொண்டு பின்பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

“அப்பா, எங்க போறீங்க? வாசல் இங்க இருக்கு.”

“இதுதாம்மா கிட்ட,” என்றவர் நிற்கவே இல்லை.

பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் சுகுமாரன் குடையோடு ஓடி வந்தான். “அக்கா, அங்கிள் பின்னால உள்ள வந்துட்டாரு. நீங்களும் அப்படியே வாங்களேன். முன்கதவு மழைக்கு இறுகிப் போச்சுலா.”

வந்ததே கோபம். “அவரு இந்த வழியா வர்ற வரைக்கும் நான் உள்ள வர மாட்டேன். போய்ச் சொல்லு,” என்று ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தூறல் வலுத்தது. குடையையும் வாங்கவில்லை. பிடிவாதம் எனக்கு எங்கிருந்து வந்ததாம், எல்லாம் அவரிடமிருந்துதான்.

உள்ளே தாழ்ப்பாள் கறகறத்தது. கதவு குலுங்கியது, நின்றது. மறுபடி யாரோ தோள் கொடுத்து முட்டும் சத்தம். இரண்டு கதவும் அகலத் திறந்தன. அப்பா மூச்சு வாங்க நடுவில் நின்றிருந்தார். என் தலைக்கு மேலாகப் பார்த்தார்.

“ஏரி மொத்தமும் தெரியுதே,” என்றார். செடிக்கு நடுவில் குனிந்தே கிடந்தவருக்கு இந்த வாசலில் நின்று பார்க்க வாய்த்ததே இல்லை.

பிறகு படி இறங்கி வந்து என் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டார். “மழையில நனைஞ்சுக்கிட்டு. எந்திரி, உள்ள போலாம்.”

எனக்குக் கண் கலங்கியது, பெருமையும் தாங்கவில்லை. படியேறி, வழக்கம்போல் செருப்பைக் கழற்றக் குனிந்தேன்.

“இருக்கட்டும்மா,” என்றார். “இங்க எந்தத் துரையும் கழட்டினதில்ல.”

சேற்றுச் செருப்போடு முன்வாசலைத் தாண்டிப் போய், கூடத்தின் பெரிய நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.