சொல்லாமல் விட்ட விசா

துணி தேய்க்கும் மேசைதான் அவளுடைய ஆபீஸ். டிராவல் கம்பெனி வேலையை உதறிவிட்டு, இனி நானே முதலாளி, நானே சிப்பந்தி என்று அவள் அந்த மேசையில் உட்கார்ந்த அன்றைக்கே வீட்டில் பட்டப்பேர் வைத்துவிட்டார்கள்: டூர் மேடம். உலகத்தையே ஊர் சுற்ற அனுப்புகிற இந்த மேடம் இதுவரை விமானத்தில் கால் வைத்ததில்லை. அதைச் சொல்லிச் சிரிக்காவிட்டால் அவள் அண்ணிக்குச் சாப்பாடு செரிக்காது.

அந்த அண்ணிதான் ஒருநாள் தேன் ஒழுகப் பேசினாள். "லீவுக்கு நாங்க நாலு பேரும் வெளிநாடு போறோம். நீயே பிளான் போட்டுக் குடு, டிக்கெட்டும் உன்கிட்டயே போட்டுக்கறோம். நல்லா அமைஞ்சா என் ஆபீஸ்ல இருக்கிற அத்தனை பேரையும் உன்கிட்ட அனுப்பறேன்."

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முதல் வாடிக்கையாளர் அல்லவா? கண் எரிய எரிய உட்கார்ந்து, எந்த ஹோட்டலில் எந்தப் பக்கத்து அறையில் தெருச் சத்தம் கேட்காது என்பதுவரை விசாரித்து எழுதினாள். ஒன்றை மட்டும் எழுதவில்லை. நடுவில் விமானம் மாறும் ஊரில், ஒரு விமான நிலையத்தில் இறங்கி வெளியே வந்து இன்னொரு விமான நிலையத்துக்குப் போக வேண்டும். அதற்கு அந்த நாட்டு விசா வேண்டும். பழைய கம்பெனியில் கற்ற வித்தை இது. டிக்கெட் நம்மிடம் போடும்வரை பிளானை முழுசாகக் கொடுக்கக் கூடாது, ஒரு திருகாணியைக் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் அண்ணி போனைக் காட்டினாள். "டிக்கெட் நானே போட்டுட்டேன். நீ எழுதின மாதிரியே, ஒரு எழுத்து மாறாம. பட்டனை அழுத்தறதுக்கு எதுக்குத் தனியா ஒரு ஆளு?"

"என்கிட்ட போடறதா சொன்னீங்களே அண்ணி."

"பிளேன் வாசலையே மிதிக்காதவகிட்டயா?"

மேசையே சிரித்தது. அண்ணனும் சிரித்தான். பெண்டாட்டி சிரித்தால் அவனுக்கும் சிரிப்பு வந்துவிடும், அப்படி ஒரு ஜென்மம்.

விசா விஷயத்தை அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. ஏர்போர்ட் கவுன்டரில் மூக்குடைபட்டு நிற்கட்டும். அப்போது என்னைத்தானே கூப்பிட வேண்டும்? வேறு வழியில் டிக்கெட் போட்டு அனுப்பிவைப்பேன், அப்புறம் இந்த வாய் சிரிக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

கிளம்புகிற வாரத்தில், அண்ணன் வீட்டோடு இருக்கும் அம்மா புதுச் செருப்போடு வந்து நின்றாள். "பசங்களைப் பாத்துக்க ஆள் வேணும்னு என்னையும் கூட்டிட்டுப் போறாங்கடி. பாஸ்போர்ட், டிக்கெட்டு எல்லாம் வந்தாச்சு."

சம்பளம் இல்லாத ஆயா. ஆனால் அம்மா முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

அவள் மனசுக்குள் நாட்களை எண்ணிப் பார்த்தாள். இனி விசா வாங்க நேரமில்லை. சொன்னால், வேண்டுமென்றே மறைத்தது வெளியே வரும். அண்ணி அதை ஆபீஸ் முழுக்கத் தம்பட்டம் அடிப்பாள், தொழில் அன்றோடு ஒழிந்தது.

"நீ போக வேண்டாம்மா."

"ஏன்டி?"

"வேண்டாம்னா விடேன்."

அம்மா செருப்பைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். "உனக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைக்குதேன்னு பொறாமையா?"

நிறுத்தினால் ஐந்து பேரையும்தானே நிறுத்துவார்கள், அம்மாவையும் சேர்த்து நானே அனுப்பிவைக்கிறேன் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

கிளம்பும் நாளன்று, மாற்று வழி ஐந்து இருக்கைகளோடு அவள் திரையில் தயாராக இருந்தது. நினைத்தபடியே போன் வந்தது.

"டூர் மேடம், உங்கம்மாவுக்கு ஏதோ விசா இல்லைன்னு நிறுத்திட்டாங்க. எங்க நாலு பேருக்கும் போன வருஷம் எடுத்ததே இன்னும் செல்லுதாம், நாங்க உள்ள போறோம். நீ வந்து கூட்டிட்டுப் போ."

"இருங்க அண்ணி, வேற வழி இருக்கு, அஞ்சு பேருக்கும்..."

"இவங்க ஒருத்தருக்காக எல்லாரும் மாத்தணுமா? ஆயா அங்கயும் கிடைப்பா." போனை வைத்துவிட்டாள்.

போன வருஷத்து விசா. வாடிக்கையாளரிடம் முதலில் கேட்க வேண்டியதே, கையில் என்ன விசா இருக்கிறது என்பதுதான். மாட்டிவிடுவதிலேயே குறியாக இருந்தவளுக்கு அது எங்கே தோன்றும்?

புறப்பாட்டு வாசலுக்கு வெளியே பெஞ்சில், பேரப்பிள்ளைகளின் ஸ்வெட்டர் பையை மடியில் அணைத்தபடி அம்மா உட்கார்ந்திருந்தாள். அந்தப் பையைக்கூட யாரும் கேட்டு வாங்கிக்கொண்டு போகவில்லை.

"கவுன்டர் பொண்ணுகிட்ட எவ்வளவோ சொன்னேன்டி. இது என் பொண்ணு போட்ட பிளானு, அவ போட்டா தப்பே வராது, நல்லாப் பாரும்மான்னேன். அது சிரிக்குது."

அவள் பையை வாங்கிக்கொண்டாள்.

"அன்னைக்குப் போகாதேன்னியே, உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதும்மா."

"அதானே," என்றாள் அம்மா. "தெரிஞ்சிருந்தா என்கிட்ட சொல்லாம இருப்பியா நீ?" மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.