நத்தை சுடாத கப்பல்

பாறையைக் கப்பல் என்று நினைத்து இரண்டு டார்பிடோக்களை வீணடித்த நீர்மூழ்கி ஜெர்மன் கடற்படையிலேயே ஒன்றுதான் இருக்கும் என்று எக்கர்ட் உறுதியாக நம்பினான். அவன் சமையல்காரனாக இருந்தது அந்த ஒன்றில்தான். அதன் முதுகில் எழும்பியிருந்த கோபுரத்தின் பக்கவாட்டில் கொம்பு நீட்டிய நத்தையை வரைந்திருந்தார்கள். அதனால் துறைமுகத்தில் எல்லோருக்கும் அது 'நத்தை'. கீல் நகரத்தில் கட்டி இறக்கியதிலிருந்து இரண்டு முறை அட்லாண்டிக் போய் வந்தாயிற்று. முதல் முறை எதிரிகள் மேலேயிருந்து குண்டாகப் போட்டார்கள். விளக்குகள் உடைந்து, பாத்திரங்கள் உருண்டு, பட்டாணி சூப்பெல்லாம் மெத்தைகளில் ஊறி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள். இரண்டாவது முறைதான் அந்தப் பாறை.

மூழ்கடித்த ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு சிறு கொடியைக் கட்டிக்கொண்டுதான் மற்ற நீர்மூழ்கிப் படகுகள் துறைமுகத்துக்குள் நுழையும். பேண்டு வாசிப்பார்கள், பெண்கள் பூங்கொத்து கொடுப்பார்கள். நத்தை மொட்டையாக வந்து நின்றபோது பேண்டுக்காரர்கள் வாத்தியங்களை உறையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கேப்டன் ரேபைனுக்கு அன்று முகமே செத்துப்போனது.

ரேபைனுக்கு இருபத்தாறு வயது. வழக்கப்படி படகில் அவருக்குப் பெயர் கிழவர். நல்ல மனிதர், பயந்தாங்கொள்ளியும் இல்லை. ஆனால் அவருக்குத் தொண்டை வலி இருந்தது. பெரிய வீரர்களுக்குக் கழுத்தில் மாட்டுகிற சிலுவைப் பதக்கத்துக்கு ஏங்குகிறவர்களை மாலுமிகள் அப்படித்தான் சொல்வார்கள். கழுத்தில் அது ஏறினால்தான் வலி தீருமாம்.

"கிழவருக்கு டீயில தேன் கலந்து குடுடா, தொண்டைக்கு நல்லது" என்பான் இன்ஜினியர் ஹாஃப்கே.

"தேன் தீர்ந்துபோச்சு. அடுத்த பாறையைச் சுட்டா வாங்கித் தர்றேன்" என்பான் எக்கர்ட்.

மூன்றாவது பயணம் 1945-ம் வருட வசந்தத்தில். ஸ்காட்லாந்துக்கு வடக்கே, பகலெல்லாம் நீருக்கடியில் கிடந்தார்கள். ரொட்டியில் பூஞ்சை பிடித்து முயல்குட்டி மாதிரி வெள்ளையாக மாறியிருந்தது. எக்கர்ட் அதைச் சீவியெறிந்துவிட்டு நடுத்துண்டைப் பரிமாறினான். ஊரில், ஹூசும் கரையில், அவன் மனைவி ஹில்கேவுக்குக் குளிர்காலத்தில் பெண் குழந்தை பிறந்திருந்தது. பெயர் வீப்கே என்று மட்டும் தெரியும். முகம் தெரியாது. அந்த முகத்தைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவன் உலகத்திடம் கேட்டது.

மே மாதம் பிறந்து சில நாள் ஆனதும் ரேடியோக்காரன் விகாண்ட் வெளிறிய முகத்தோடு ஒரு செய்தியைக் கொண்டுவந்தான். அரைகுறையாகத்தான் பிடிபட்டிருந்தது. சண்டை நின்றுவிட்டது, யாரையும் தாக்காதே, மேலே வந்து, சரணடைவதற்கு அடையாளமாகக் கறுப்புக் கொடி கட்டு, இரவானால் விளக்கேற்றிக்கொண்டு போ என்றிருந்தது.

ரேபைன் அதை இரண்டு தடவை படித்தார். "இது எதிரியோட வேலை. நம்ம சங்கேதத்தைக் கண்டுபிடிச்சுட்டாங்க. நம்மள மேல வரவழைச்சு வாத்தைச் சுடற மாதிரி சுடப்போறாங்க."

"நிஜமா இருந்துட்டா?" என்றான் ஹாஃப்கே.

"நிஜமா இருந்தா மறுபடி சொல்லுவாங்க."

அதன்பிறகு ரேடியோவில் கரகரப்பைத் தவிர ஒன்றும் வரவில்லை. ஹாஃப்கே அடுப்படிக்கு வந்து குரலைத் தாழ்த்தினான். "செய்தி நிஜம்னு வை. அப்புறம் ஒரு கப்பலைச் சுட்டா அதுக்குப் பேர் போர் இல்லடா எக்கர்ட். கொலை. மாட்டினா நம்ம எல்லாரையும் சுவத்தோரம் நிக்க வெச்சுச் சுட்டுடுவாங்க."

சாவதற்குக்கூட மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் கொலைகாரனாகிவிட்டு எந்த முகத்தோடு அந்தக் குழந்தையைத் தூக்குவது? அந்த எண்ணம் எக்கர்டை விடவேயில்லை.

மறுநாள் சாயங்காலம் விகாண்ட், நீருக்கடியில் வருகிற சத்தத்தைக் கேட்கக் காதில் மாட்டியிருந்த கருவியை அழுத்திப் பிடித்தான். "கப்பல். சின்னது. ஒத்தையா வருது."

அவ்வளவுதான். படகே விறைத்துக்கொண்டது. ரேபைன் கோபுரத்துக்குள் ஏறி, நீருக்கு மேலே தலை நீட்டிப் பார்க்கிற தூரதர்சினிக்கு முன்னால் உட்கார்ந்தார். மேலேயிருந்து வருகிற எந்தச் சொல்லையும் கீழே இருக்கிறவன் உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும், அடுத்த அறைக்காரன் அதைத் தனக்கடுத்தவனுக்குச் சொல்ல வேண்டும், கடைசியில், குழாய்களில் டார்பிடோ ஏற்றி வைத்திருக்கும் முன்பக்கத்து டார்பிடோ அறையிலிருந்து 'புரிஞ்சது' என்று பதில் வர வேண்டும். அது நீர்மூழ்கிக்காரர்களுக்கு மூச்சு விடுவது போன்ற பழக்கம். யோசித்துச் செய்கிற காரியம் அல்ல.

"ஒண்ணாம் குழாய் மூடியைத் திற!"

"ஒண்ணாம் குழாய் மூடியைத் திற!" என்று சொல் வாய்க்கு வாய் தாவி முன்னே போனது.

"புரிஞ்சது" என்று பதில் வந்தது.

கப்பல் நெருங்க நேரம் இருந்தது. ரேபைன் குஷியில் இருந்தார். "எக்கர்ட்! ஒரு காப்பி கொண்டாய்யா!" என்றார். காப்பி என்ற பெயரில் இருந்த வாற்கோதுமைக் கஷாயத்தைக் குவளையில் ஊற்றிக்கொண்டு எக்கர்ட் ஏணியில் ஏறினான். ஏறும்போது பாதி சட்டையில் கொட்டியது. மீதியைக் கேப்டன் வாங்கிக் குடித்தார். இறங்க வேண்டியவன் இறங்காமல் நின்றான்.

"என்னய்யா?"

"கேப்டன், இந்தப் படகுல ஏறின நாள்லேருந்து உங்களுக்கெல்லாம் சமைச்சுப் போடறேன். ஒரு எதிரிக் கப்பலைக்கூட நான் கண்ணால பார்த்ததில்ல. பாறையைக்கூட மத்தவங்க சொல்லித்தான் தெரியும். ஒரே ஒரு தடவை பார்த்துக்கட்டுமா?"

வேறு நாளாக இருந்தால் திட்டித் துரத்தியிருப்பார். அன்று அவருக்கு யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. நகர்ந்து இடம் விட்டார். "பாரு. நல்லாப் பாரு. இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கும்."

எக்கர்ட் கண்ணை வைத்தான். முதலில் தண்ணீர்தான் தெரிந்தது. பிறகு கப்பல், கட்டைவிரல் அளவுக்கு. இன்னும் முழுதாக இருட்டவில்லை. ஆனால் அதில் விளக்குகள் எரிந்தன. ஒன்றிரண்டல்ல, கப்பல் முழுக்க. ஆறு வருடப் போரில் கடலில் யாரும் ஒரு தீக்குச்சியைக்கூடத் துணிந்து கிழித்ததில்லை.

"விளக்கெல்லாம் எரியுது" என்றான், தன்னை அறியாமல் சத்தமாக.

கீழே நின்றவனுக்கு மேலேயிருந்து வந்ததெல்லாம் உத்தரவு. "விளக்கெல்லாம் எரியுது!" என்று கத்தினான். அடுத்த அறை அதைக் கத்தியது. முன்பக்கத்திலிருந்து "விளக்கெல்லாம் எரியுது, புரிஞ்சது" என்று பதில் வந்துவிட்டது.

ரேபைன் வாயைத் திறப்பதற்குள் எக்கர்ட் அடுத்ததைச் சொன்னான். இந்தத் தடவை அறிந்தேதான் சொன்னான். "ஒருத்தன் வாளியில காய்கறித் தோலைக் கடல்ல கொட்டறான். பின்னாடியே கடற்பறவைங்க வருது."

"காய்கறித் தோலைக் கடல்ல கொட்டறான்!"

"கயித்துல குழந்தைத் துணி காயுது."

"கயித்துல குழந்தைத் துணி காயுது!"

சொல் அறை அறையாகப் போனது. பிறகு டார்பிடோ அறையிலிருந்து, வரக்கூடாத ஒரு கேள்வி வாய்க்கு வாய் ஏறி மேலே வந்தது.

"எத்தனை துணின்னு கேக்கறாங்க, கேப்டன்!"

யாரோ சிரித்தார்கள். இன்னொருவன் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தும்மினான். ரேபைன் எக்கர்டைத் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். "வாயை மூடுங்கடா எல்லாரும்!"

அதை மட்டும் யாரும் திருப்பிச் சொல்லவில்லை.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். இலக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. நேர்கோட்டில், மெதுவாக, விளக்கேற்றிக்கொண்டு வருகிறது. கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலும் பாறையைத் தவறவிடாத கை இதைத் தவறவிடாது. ஒரு சொல் போதும். கீழே நாற்பத்துச் சொச்சம் பேர் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தபடி நின்றார்கள். எக்கர்ட் ஏணியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, 'சொல்லிடாதே, சொல்லிடாதே' என்று மனதுக்குள் கெஞ்சினான். அவன் கடவுளிடம்கூட அப்படிக் கெஞ்சியதில்லை.

"தூரம் குறையுது, கேப்டன்" என்றான் ஹாஃப்கே கீழேயிருந்து. "சொல்லணும்னா இப்ப."

ரேபைன் கழுத்தைத் தடவிக்கொண்டார். பிறகு உத்தரவு போட்டார்.

"ஒண்ணாம் குழாய் மூடியை மூடு."

நத்தையின் வாழ்நாளில் எந்த உத்தரவும் அவ்வளவு வேகமாகப் போனதில்லை. 'புரிஞ்சது' என்ற பதிலில் பாதி அழுகையாக இருந்தது.

ரேபைன் தூரதர்சினியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. எக்கர்டுக்கு மட்டும் கேட்கும்படி, "ஊருக்குப் போய் என்னய்யா சொல்றது? எதைச் சாதிச்சேன்னு சொல்றது?" என்றார்.

அப்போது அவர் குரல் இருபத்தாறு வயதுக் குரலாகவே இருந்தது. எக்கர்டுக்கு அவர்மேல் பாசம் பொங்கியது.

"எல்லாரையும் உசுரோட கூட்டிட்டு வந்தேன்னு சொல்லுங்க. எங்க வீட்டுல அதைக் கேட்டா உங்களுக்கு வாத்தே அடிச்சுப் போடுவாங்க."

கேப்டன் மூக்கை உறிஞ்சினார். "மேல போகலாம்" என்றார்.

நத்தை தண்ணீரைப் பிளந்துகொண்டு எழுந்தது. கோபுரத்தின் மூடியைத் திறந்ததும் குளிர்காற்று உள்ளே பாய்ந்தது. நாள்கணக்கில் எண்ணெய் நாற்றத்தைச் சுவாசித்தவர்களுக்குத் தலை சுற்றியது. அடுத்த கணம் அந்தக் கப்பலில் ஒரே களேபரம். வாளிக்காரன் வாளியைப் போட்டுவிட்டு ஓடினான். ஒருத்தி கயிற்றுக்கு அடியிலிருந்த குழந்தையை வாரிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. நம்மைக் கண்டு பயப்படுகிறார்கள் என்பது எக்கர்டுக்குத் தாங்கவில்லை. "ஒண்ணும் பண்ண மாட்டோம்! ஒண்ணும் பண்ண மாட்டோம்!" என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினான். ஜெர்மன் மொழியில் கேட்டு அவர்கள் இன்னும் பயந்திருப்பார்கள்.

"நம்ம விளக்கைப் போடுங்க" என்றார் ரேபைன்.

கீழே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போர்க்கடலில் நத்தை ஒருநாளும் விளக்குப் போட்டதில்லை. பலகையில் அந்த விசை எங்கே இருக்கிறது என்று ஹாஃப்கேவே தேடித்தான் கண்டுபிடித்தான். வலப்பக்கத்துப் பச்சை விளக்கு எரியவே இல்லை. இடப்பக்கத்துச் சிவப்பு இரண்டு முறை கண் சிமிட்டிவிட்டு நின்று எரிந்தது. உச்சியில் வெள்ளை விளக்கும் எரிந்தது. கோபுரத்தில் நின்றவர்களின் தாடி வளர்ந்த முகங்கள் ஒன்றுக்கொன்று நன்றாகத் தெரிந்தன. கடலில், திறந்த வானத்துக்குக் கீழே, விளக்கு வெளிச்சத்தில் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

எதிர்க்கப்பலில் யாரும் அசையவில்லை. எக்கர்ட் தூக்கிய கையை இறக்காமல் நின்றான். கை கடுத்தது. பிறகு அங்கே ஒரு விளக்கு எரிந்தது. இன்னொன்று. கதவு திறந்து அந்தப் பெண் குழந்தையோடு வெளியே வந்து நின்றாள்.