தொட்டியைத் திருப்பாத வீடு

கூடத்து ஜன்னலோரம் இருந்த ரப்பர் செடியின் தொட்டியைக் கால் வட்டம் திருப்பினால், தையற்காரியின் வீடும் கூடவே திரும்பி, வாசல் அடுத்த தெருவுக்குப் போய்விடும். நாலு பக்கமும் தெரு உள்ள வீடு என்பதால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை; தபால்காரர் மட்டும் முணுமுணுப்பார். மாதம் ஒருமுறை திருப்புவது மகளின் வேலை. இலைகளை ஈரத்துணியால் துடைப்பாள், மேல்மண் காய்ந்திருந்தால்தான் தண்ணீர் விடுவாள், ஒரே பக்கம் வெளிச்சம் பட்டால் செடி சாய்ந்துவிடும் என்று தொட்டியைத் திருப்பிவைப்பாள்.

அவள் வெளியூர் வேலைக்குக் கிளம்பியபோது, தச்சரான அப்பா கோபத்தில், போனால் இந்த வாசலில் கால் வைக்காதே என்றார். மகள் பையை எடுத்துக்கொண்டு போயேவிட்டாள். அன்றைக்கு வாசல் பஸ் தெருவைப் பார்த்திருந்தது. அதன்பிறகு தையற்காரி தொட்டியை யாரையும் தொடவிடவில்லை. மகள் ரோஷத்தில் அப்பனை உரித்து வைத்தவள். என்றைக்காவது மனசு மாறி வந்து, வாசல் இருந்த இடத்தில் வெறும் சுவரைக் கண்டால், அப்பா சொன்னதைச் செய்துவிட்டார் என்று வந்த வழியே போய்விடுவாள். தெருத் தெருவாகச் சுற்றி வாசலைத் தேடுகிற ஜாதி இல்லை.

செடி ஜன்னல் பக்கமே சாய்ந்தது. வீடும் தெருப்பக்கம் சாய்ந்தது. ஒவ்வொரு புது இலைக்கும் இன்னும் கொஞ்சம். முதலில் நூல்கண்டுகள் உருண்டன. அடுத்த வருஷம் கட்டில் காலுக்குக் கட்டை வைத்துப் படுத்தார்கள். தச்சர் மேஜைமேல் ரசமட்டத்தை வைத்து, ஓரத்தில் ஒட்டிக்கொண்ட குமிழியை மனைவிக்குக் காட்டுவார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தைப்பாள். அவர் வெளியே போய் சுவருக்கு இன்னொரு மரத்தை முட்டுக் கொடுப்பார். மழை பிடித்த வாரம் ஒரு முட்டு முறிந்து, கூடத்துச் சுவரில் கை நுழையும் அளவுக்கு விரிசல் விட்டது. செடியின் நுனியில் அடுத்த இலையின் சிவப்பு உறை நீண்டிருந்தது. அது விரிந்தால் வீடு நிற்காது என்று இருவருக்கும் தெரியும்.

உறை பிளந்த காலையில் தச்சர் தொட்டியைப் பிடித்தார்.

"திருப்புங்க," என்றாள் மனைவி. "அவ வந்து செவுத்தப் பாத்துட்டுப் போனா, நானும் அவ பின்னாலயே போயிடுவேன். அப்புறம் உங்க வீடு நேரா நிக்கட்டும்."

அவர் கையை எடுத்துவிட்டார். பயமாக இருந்தது, அதைவிட வெட்கமாக இருந்தது. முதுகைச் சுவரில் முட்டுக் கொடுத்து அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

பஸ் தெருவில் ஒரு வீடு சாய்கிறது என்ற பேச்சு அதற்குள் வெளியூர்வரை போயிருந்தது. இலை பாதி விரிந்திருந்தபோது மகள் வந்தாள். தெருவோரம் செருப்பைக் கழற்றிவிட்டு, சரிந்த படியில் சுவரைப் பிடித்து ஏறினாள். யார் முகத்தையும் பார்க்காமல் செடியைப் பார்த்தாள்.

"ஏம்மா, இத யாருமே திருப்பலையா?"

"நீ வந்து திருப்புவேன்னுதான்," என்றார் அப்பா.

திருப்பினாள். வீடு முனகிக்கொண்டே நகர்ந்து, அடுத்த தெருவைப் பார்த்து நிமிர்ந்து நின்றது. பஸ் தெருவில் முட்டுக்கட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. சற்று நேரத்தில் அங்கே வண்டி போட்டிருந்த இஸ்திரிக்காரர், அந்தத் தெருவிலேயே நின்றுபோன மகளின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சுற்றி வந்தார். தச்சர் அதை வாங்கி, உள்ளே தன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.