காப்பு அவிழும்வரை

மதுரையில் முழங்காலில் ஊசி போட்டுக்கொண்டு திரும்பிய அன்று, முத்திருளன் கம்பியைப் பிடிக்காமலே உசிலம்பட்டி பஸ்ஸில் ஏறினார். கீழே நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன சீனி, ஆடி அசைஞ்சு வார? உனக்கும் ஒண்ணு போட்டுவிடச் சொல்லவா?"

சீனியம்மாளும் சிரித்தாள். ஆனால் டாக்டர் சுப்பராமன் சொன்னது அவள் காதிலேயே நின்றது. "எலும்பு தேய்ஞ்சிருக்கும்மா. ஊசி வலியைத்தான் அடக்கும், தேய்மானத்தைச் சரி பண்ணாது. சில வாரம் தாங்கும். அடுத்தடுத்துப் போடக் கூடாது. கண்ட இடத்துலயும் போட்டுக்காதீங்க. வீங்கினா, காய்ச்சல் வந்தா, அன்னைக்கே ஓடி வரணும்."

முத்திருளனுக்கு வேண்டியதும் சில வாரம்தான். மாசி சிவராத்திரிக்குக் குலசாமியின் ஆடை ஆபரணப் பெட்டியைத் தலையில் வைத்து மூலக்கோயில் வரை அவர் நடக்க வேண்டும். வழியில் எங்கும் இறக்கக் கூடாது. மூன்றாம் நாள் அப்படியே ஊர் திரும்ப வேண்டும். தகப்பனாருக்குப் பின் அவருக்கு வந்த உரிமை அது. முடியாதென்றால் தம்பி ஆண்டிச்சாமிக்குப் போகும். போனால் திரும்பாது என்பது அவர் பயம்.

கையில் காப்புக் கட்டிய மறுநாளே வலி திரும்பிவிட்டது.

ஆண்டிச்சாமி வாசலில் நின்று பார்த்தான். "என்னண்ணே, காலு ஒரு தினுசா இழுக்குது? வேணும்னா பெட்டியை நான் தூக்குறேன்."

"என் தலை இருக்கையில உன் தலை எதுக்குடா? போயி மாட்டைப் பிடிச்சுக் கட்டு."

தம்பி போனதும் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்தார். காப்புக் கட்டியவர் பெட்டியோடு அன்றி ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மதுரைக்குப் போக வழியில்லை. "ஏதாச்சும் செய்யி, சீனி" என்றார். அவர் அவளிடம் அப்படிக் கேட்டதே இல்லை.

சீனியம்மாள்தான் உசிலம்பட்டிக்குப் போய்க் கம்பவுண்டர் சுருளியை அழைத்து வந்தாள்.

"முட்டி ஊசிதானக்கா? எம்புட்டுப் பேருக்குப் போட்டிருக்கேன்!"

அவன் ஊசியைப் பஞ்சால் துடைத்தான். கொதிக்க வைக்கவில்லை. வெந்நீர் வைக்கட்டுமா என்று கேட்க அவளுக்கு வாய் வரை வந்தது. வீடு தேடி வந்தவனை என்ன கேட்பது என்று விட்டுவிட்டாள்.

சிவராத்திரி அன்று முத்திருளன் நடந்தார். காட்டு வழியில் பெட்டி ஆடவே இல்லை. குலவையிட்ட பெண்களுக்கு நடுவே அவளுக்குக் கண் நிறைந்தது. சுருளி கைராசிக்காரன் என்றே நினைத்தாள்.

மறுநாள் விடியலில், கோயில் மரத்தடியில் படுத்திருந்தவரின் முட்டி தேங்காய்ப் பருமனுக்கு வீங்கிச் சிவந்திருந்தது. உடம்பு கொதித்தது.

"ஆசுபத்திரிக்குப் போயிருவோம்யா."

"பெட்டி ஊரு சேரணும், காப்பு அவுக்கணும். அதுக்கு முன்னாடி எங்கிட்டும் வர மாட்டேன். யார்ட்டயும் சொல்லிறாத."

அவள் சொல்லவில்லை. வேப்பிலையை அரைத்துப் பற்றுப் போட்டு, வேட்டியை இழுத்து மூடினாள்.

மூன்றாம் நாள் பெட்டியைத் தலையில் ஏற்றினார்கள். ஓர் அடி வைத்தார், கால் மடிந்தது. ஆண்டிச்சாமி பாய்ந்து பெட்டியைத் தாங்கிக்கொண்டான். அண்ணனை மாட்டுவண்டியில் கிடத்தினார்கள். ஊர் வந்து, காப்பு அவிழ்த்து, அதன் பிறகுதான் மதுரை.

முட்டியைத் திறந்து சீழ் எடுத்தார்கள். உயிர் தப்பியது. கால் அதன் பிறகு மடங்கவே இல்லை. "வீங்கின அன்னைக்கே வந்திருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர்.

அடுத்த மாசியில் ஆண்டிச்சாமி காப்புக் கட்டிக்கொண்டான். பூசாரி சோணை திருநீறு கொடுக்கும்போது சீனியம்மாள் மெல்லக் கேட்டாள்.

"காப்புக் கட்டுனவுகளுக்கு மேலுக்கு முடியாமப் போனா என்ன செய்யிறது, சாமி?"

"காப்பை அவுத்து வேல்கம்புல கட்டிட்டு ஆசுபத்திரிக்குப் போக வேண்டியதுதான். எங்கய்யா காலத்துல அப்பிடிப் போயிருக்காக. அந்த வருசம் பங்காளி சுமப்பான். மறு வருசம் அவுகளுக்கே வந்துரும். ஏன் தாயி?"

"சும்மாதான்."

வீட்டில் முத்திருளன் காலை நீட்டி உட்கார்ந்து கொட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பூசாரி என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல" என்று அவர் நெற்றியில் திருநீற்றைப் பூசினாள். பிறகு, நீட்டிய காலைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.