இருவரும் சேர்ந்து

"இதுல உங்க வீட்டுக்காரர் கையெழுத்தும் வேணுமேம்மா" என்று வங்கி அதிகாரி படிவத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். தள்ளும்போது அவர் கூச்சப்பட்டது அவளுக்கும் தெரிந்தது. அந்தத் தெருவிலிருந்து அவர் மேசைக்கு வரும் படிவங்களில் பாதி அவள் கையெழுத்தில் நிரப்பப்பட்டவை. வங்கிக்கு நாலு கடை தள்ளி ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். பிரதி எடுக்க வருகிறவர்கள் படிவத்தோடு பேனாவையும் நீட்டிவிடுவார்கள். "அக்கா, நீங்களே எழுதிடுங்களேன், எனக்கு இதெல்லாம் தலையும் புரியல வாலும் புரியல." அவளும் பிரதிக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு, எழுதுகிற வேலையைச் சும்மா செய்து கொடுத்து, கூடவே நாலு வார்த்தை புத்தியும் சொல்லி அனுப்புவாள். புத்தி சொல்வதில் அவளுக்கு ஒரு தனி சந்தோஷம் இருந்தது.

எந்தக் கட்டத்தில் டிக் போட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. புதிதாகக் கல்யாணமாகிக் கணக்குத் தொடங்க வருகிற ஜோடிகளை நிற்க வைத்து, 'இருவரில் ஒருவர்' என்ற கட்டத்தைத்தான் காட்டுவாள். "நாளைக்கு ஒருத்தருக்கு முடியாமப் போச்சுன்னா இன்னொருத்தர் எடுக்கணும்ல?" வட்டி கூடுதலாகக் கிடைக்கிறதே என்று இருக்கிறதையெல்லாம் நிரந்தர வைப்பில் போட வருகிறவரிடம், "ஆறு மாசச் செலவுக்காவது கைக்கு எட்டற மாதிரி தனியா வைங்க. மொத்தத்தையும் ஒரே எடத்துல பூட்டிடாதீங்க" என்பாள். சொன்னதெல்லாம் சரிதான். அவளுடைய சொந்த வைப்பில் மட்டும், பதினோரு வருடங்களுக்கு முன் அவள் போட்ட டிக் 'இருவரும் சேர்ந்து' என்ற கட்டத்தில் உட்கார்ந்திருந்தது. இருவருடைய மொத்தச் சேமிப்பும், தவணை முடிய முடியப் புதுப்பித்து வந்த அந்த ஒரே வைப்பில்தான் இருந்தது.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஐந்து வாரங்களுக்கு முன் ஒரு அலுவலகக் கட்டடத்தின் ஆறாவது மாடியில், கதவைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்துகொண்டிருந்தவர், அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். லிஃப்ட் குழிக்குள் விழாமல் வெளியே விழுந்தது அதிர்ஷ்டம் என்று எல்லோரும் சொன்னார்கள். பக்கவாதம். வலது கையும் வலது காலும் விளங்காமல் போயின. பேச்சும் போயிற்று. முதல் மூன்று மாதங்களில் தீவிரமாகப் பயிற்சி கொடுத்தால் கை, பேச்சு இரண்டையும் நிறையவே மீட்டுவிடலாம் என்றும், அதற்கு மேல் போனால் தன்னால் எதையும் சொல்ல முடியாது என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். பயிற்சி மையத்தில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. திங்கட்கிழமை காலைக்குள் முன்பணம் கட்டினால் அது அவருக்கு. இல்லாவிட்டால் காத்திருப்பவர்களில் அடுத்த ஆளுக்கு. அந்த முன்பணத்தைப் போல் மூன்று மடங்கு வைப்பில் இருந்தது.

பணத்துக்குக் கையெழுத்து வேண்டும். கையெழுத்துக்குக் கை வேண்டும். கை வருவதற்குப் பணம் வேண்டும். யாராவது கடையில் வந்து இப்படி ஒரு கதை சொல்லியிருந்தால், அவளே "யாரு புத்திசாலி இப்படி டிக் போட்டது?" என்று கேட்டுச் சிரித்திருப்பாள்.

போட்டதற்குக் காரணம் இருந்தது. கல்யாணமான நாலாவது வருடம், வீட்டுக்கென்று சேர்த்து வைத்திருந்ததை அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்து, உதிரிபாகக் கடை வைக்கப்போன சிநேகிதனுக்குக் கொடுத்துவிட்டார். கடை எட்டு மாதம் நடந்தது. பிறகு கடையும் இல்லை, சிநேகிதனும் இல்லை. "அவன் பாவம்மா" என்றார். யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனுஷன். அடுத்த முறை பணம் சேர்ந்தபோது அவரை வங்கிக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் கண்ணெதிரே அந்த டிக்கைப் போட்டாள். அவர் கோபப்படவில்லை. "நல்லதுதான். இனிமே எவனாவது கேட்டா, வீட்டுல கையெழுத்துப் போட மாட்டாங்கப்பான்னு உன் மேல பழியப் போட்டுடலாம்" என்று சிரித்தார்.

"கோர்ட்டுக்குப் போயி, நீங்கதான் அவருக்குப் பொறுப்புன்னு உத்தரவு வாங்கலாம். ஆனா அதுக்கு மாசக்கணக்கா ஆகும்" என்றார் அதிகாரி. பிறகு, மேலாளர் அறைக்குப் போய்வந்து, "ஒரு வழி இருக்கு. நானே வீட்டுக்கு வரேன். இடது கட்டைவிரல் ரேகை போதும். சாட்சிக்கு நானும் இன்னொருத்தரும் இருக்கணும். ஆனா அவரு சம்மதிச்சு வைக்கணும்மா, அது ரொம்ப முக்கியம்" என்றார். அவளுக்கு அந்த மேசை முன்னாலேயே அழுகை வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை அவருக்குச் சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டு, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்துச் சாய்த்து உட்கார வைத்தாள். மேல்மாடி வீட்டு டிரைவர் சாட்சிக்கு வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார். நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, படிவத்தை முதலிலிருந்து கடைசி வரை நிதானமாகப் படித்துக் காட்டினார்.

"சார், இந்த டெபாசிட்டை உடைச்சு உங்க சிகிச்சைக்கு எடுக்கறாங்க. உங்களுக்குச் சம்மதமா? சம்மதம்னா லேசாத் தலையை ஆட்டுங்க."

அவர் அதிகாரியைப் பார்த்தார். பிறகு படிவத்தைப் பார்த்தார். பத்து நாட்களாக டீ வேண்டுமா என்றால் தலையாட்டுகிறவர், ஜன்னலைச் சாத்தவா என்றால் ஆட்டுகிறவர், இப்போது ஆட்டவில்லை. "அண்ணே, எல்லாம் உங்களுக்காகத்தான்ணே" என்றார் டிரைவர்.

"பரவால்ல, மையை வெச்சுப் பாக்கலாம். அவரே விரலை வெச்சா அதுவே சம்மதம்தான்" என்று அதிகாரி மைப்பெட்டியைத் திறந்தார். அவள் அவருடைய இடது கட்டைவிரலைப் பிடித்து ஊதா மையில் ஒற்றி எடுத்தாள். நல்ல கை அது. அந்தக் கையால்தான் இப்போது அவர் சாப்பிடுகிறார், போர்வையை இழுத்துக்கொள்கிறார். விரலைத் தாளுக்கு மேலே கொண்டுபோய் விட்டாள். ஓரங்குல தூரம்தான். கட்டைவிரல் மெதுவாக உள்ளே மடங்கியது. மற்ற நாலு விரல்களும் அதன் மேல் வந்து மூடிக்கொண்டன.

"என்னங்க" என்றாள். சுண்டுவிரலை நிமிர்த்தினாள். அதற்கடுத்ததை நிமிர்த்தும்போது சுண்டுவிரல் திரும்ப மூடிக்கொண்டது.

"வேணாம்மா. நீங்க புடிச்சு வெக்கக் கூடாது."

"வெக்கல சார். நீட்டி மட்டும்தான் விடறேன்."

"தெரியுது. இருந்தாலும் வேணாம்மா."

கையை விட்டாள். மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது அப்போதுதான் அவளை வந்து பிடித்தது. கணவருடைய அக்காவுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை, உடனே செய்ய வேண்டும் என்றார்கள். அவர் இதே போன்ற ஒரு படிவத்தைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினார். அப்போதைய தவணை முதிர இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. இப்போது உடைத்தால் வட்டியில் எவ்வளவு போகும் என்று அவள் எழுதியே காட்டினாள். அவர் படிவத்தை இரண்டு நாள் டிவி மேல் வைத்திருந்தார், பிறகு மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். அக்காவுக்கு ஒரு கண் போயிற்று. பணம் இருந்திருந்தாலும் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதாக அவரேதான் வந்து சொன்னார். டாக்டர் உண்மையில் அப்படிச் சொன்னாரா என்று அவள் கேட்டதில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

"அன்னிக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கணுங்க" என்றாள், இரண்டு ஆண்களும் நிற்கிறார்களே என்ற கூச்சத்தையெல்லாம் விட்டு. "தப்புதான். என்னைத் திட்டறதுன்னாலும் பேச்சு வரணும்ல? அதுக்காவது வைங்க."

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் என்றும் சொல்ல முடியவில்லை, அடையாளம் தெரியாமல் பார்க்கிறார் என்றும் சொல்ல முடியவில்லை. சொல்வது எவ்வளவு உள்ளே போகிறது என்று இப்போது கணிக்க முடியாது என்று டாக்டரே கையை விரித்திருந்தார். கோபம் என்றால் காலில் விழலாம், நோய் என்றால் காத்திருக்கலாம். எது என்றே தெரியாதபோது அவள் என்ன செய்வாள்?

அதிகாரி அரை மணி நேரம் காத்திருந்தார். பிறகு மைப்பெட்டியை மூடினார். "திங்கக்கெழம சாயந்திரம் வேணா இன்னொரு தடவ வந்து பாக்கறேம்மா. அதுக்கு முன்னாடி முடியாது." காலைக்குள் பணம் கட்ட வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். வழியனுப்ப டிரைவரும் அவரோடு இறங்கிப் போனார்.

காலடிச் சத்தம் படியில் தேய்ந்ததும், போர்வை மேல் கிடந்த கை மெல்லத் திறந்தது. எழுந்து வாயருகே போயிற்று. தண்ணீர் வேண்டும். அவள் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். அவர் தானே பிடித்து, ஒரு சொட்டு சிந்தாமல் குடித்துவிட்டு நீட்டினார்.

வாங்கியபோது டம்ளரின் பக்கவாட்டில் ஊதா நிறத்தில் கட்டைவிரல் பதிந்திருந்தது. சுழி சுழியாக, ஒரு கோடு விட்டுப்போகாமல், எந்த வங்கியும் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்ளும் அளவுக்குத் துல்லியமாக. கீழே அதிகாரியின் ஸ்கூட்டர் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. அவர் மறுபடியும் வாயருகே கையைக் கொண்டுபோய்க் காட்டினார். அவள் டம்ளரை விளிம்பில் மட்டும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, அந்த ரேகை மேல் ஒரு துளி பட்டுவிடாமல், மெதுவாகத் தண்ணீர் ஊற்றினாள்.